வெறும் தண்ணீர்

1

அந்த மருத்துவமனை அறையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து தானும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொள்ள வேண்டாம். கட்டிலில் என் தங்கை. அவள் காலடியில் அவள் மகன். ஜன்னலோரம் அவன் மனைவி. எலும்பு மருத்துவர். சுவரையொட்டிய நாற்காலியில் நான். குடும்பத்தில் மூத்தவள், நாற்காலியில் சாய்ந்து உட்காரும் பழக்கம் இல்லாதவள்.

மருத்துவர் ஒரு கேள்வி கேட்டார். தங்கை ஒரு பொய் சொன்னாள். இந்தக் கதை அங்கே பிறந்தது.

[முதல் வரைவில் மருமகளை மருந்துக் கடைக்கு அனுப்பிவிட்டேன். அவள் இல்லாத அறையை எழுதுவது சுலபமாக இருந்தது. இரண்டாம் வரைவில் திரும்ப அழைத்துக்கொண்டேன். இருந்தவளை இல்லை என்று எழுதுவது எங்கள் வீட்டு வழக்கமல்ல.]

2

எழுதிப் பார்த்துக் கைவிட்ட தொடக்கங்கள்:

‘மழை விட்டிருந்த ஒரு காலையில்’. மழையே இல்லை.

‘அவள் வழுக்கி விழுந்தபோது’. வழுக்கவில்லை. காய்ந்த தரையில் நின்று, கொடியில் கிடந்த துண்டை எடுக்கத் திரும்பினாள். விழுந்ததால் இடுப்பெலும்பு முறிந்ததா, முறிந்ததால் விழுந்தாளா என்று மருத்துவராலேயே சொல்ல முடியவில்லை.

‘அறியாமையால் எத்தனை பெண்கள்’. இது கட்டுரைக்காரர்களின் தொடக்கம். பொய்யும்கூட. என் தங்கைக்கு எல்லாம் தெரியும்.

3

இரண்டு வருடம் முன்பு மணிக்கட்டு முறிந்தபோதுதான் அவள் எலும்புகள் உள்ளுக்குள் அரித்துப்போயிருப்பது தெரிந்தது. வாரம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அதை எப்படிப் போட வேண்டும் என்று சொல்லித்தர மருத்துவமனையில் ஒரு வகுப்பு. நான்தான் கூட்டிப்போனேன். பிளாஸ்டிக் நாற்காலிகளில் எங்கள் வயதுப் பெண்கள். செவிலி சிறு பெண். ஆனால் குரலில் அதிகாரம் இருந்தது, எனக்குப் பிடித்தது.

காலையில் வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அரை மணி நேரம் படுக்கக் கூடாது, வேறெதுவும் சாப்பிடக் கூடாது என்றாள்.

“படுக்காம நின்னா எங்க வீட்டுல ஏதாவது வேலை குடுத்துடுவாங்களே,” என்றாள் முதுகு வளைந்த ஒருத்தி. எல்லோரும் சிரித்தோம். பால் எலும்புக்கு நல்லதுதானே, அதோடு போட்டால் என்ன என்று இன்னொருத்தி கேட்டாள்.

“நல்லதுதாம்மா. அரை மணி கழிச்சுக் குடிங்க. ஒண்ணா உள்ள போச்சுன்னா பால்ல இருக்கிற சத்து மாத்திரையைப் பிடிச்சு வெச்சுக்கும். எலும்புக்கு ஒண்ணும் போய்ச் சேராது.”

கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். ஒரு சொல் பிசகாமல் சொன்னவள் என் தங்கை மட்டும்தான். கைதட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. [இந்த வரியை அடித்தேன். பிறகு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.]

4

அறையிலிருந்து மற்றவர்கள் போன பிறகு அவள் என்னிடம் சொன்னது இது.

மகன் எங்கள் சம்மதமில்லாமல் கல்யாணம் செய்துகொண்டவன். ஏழு வருடம் மாமியாரும் மருமகளும் ஒரே கூரையின் கீழ் இரண்டு வாடகைக் குடித்தனம் போல இருந்தார்கள். உப்பு தீர்ந்தால்கூட மகன் வழியாகத்தான் செய்தி போகும். மணிக்கட்டில் மாவுக்கட்டுப் போட்டு வந்த வாரம், விடிந்ததும் மருமகள் அறைக்குள் வந்தாள். ஒரு கையில் மாத்திரை. மறு கையில் சூடான பால். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் எரியும் என்று அவளாக நினைத்துக்கொண்டு காய்ச்சியது.

“‘அத்தை, ஆறிடும், குடிங்க’ன்னா அக்கா. அத்தைன்னு கூப்பிட்டா. அவ நீட்டினதை எப்படி வேணாம்னு சொல்லுவேன்?”

அடுத்த வாரம் சொல்லியிருக்கலாமே என்றேன்.

“அடுத்த வாரம் சொன்னா, போன வாரம் ஏன் சொல்லலைன்னு ஆகும். முகம் சுருங்கிடும் அவளுக்கு. அப்புறம் நாளாயிடுச்சு.”

இரண்டு வருடம். எங்கள் வீட்டில் நீட்டிய டம்ளரைத் திருப்பிக் கொடுத்தவர்கள் இல்லை. அவளை அப்படித்தான் வளர்த்தோம்.*

* பால் இல்லாமல் போட்டிருந்தால் எலும்பு நின்றிருக்குமா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. இந்த ஆறுதலை இங்கே கீழே வைத்திருக்கிறேன். மேலே வைக்கும் அளவுக்கு அதற்குக் கனமில்லை.

5

இப்போது அந்தக் கேள்வி. மருத்துவர் எலும்புப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: முன்னைவிட மோசமாயிருக்கிறதே, மாத்திரையை ஒழுங்காகப் போட்டீர்களா? போட்டேன் என்றாள். எதோடு?

“வெறும் தண்ணிதான் டாக்டர்.”

ஜன்னலோரம் மருமகள் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

மருத்துவர், அப்படியானால் அந்த மாத்திரை உங்களுக்குக் கேட்கவில்லை, இனி ஊசிதான் என்றார்.

அவள் என்ன சொல்ல வந்தாள்? கிழவி பாலை மறந்துவிட்டாள் என்று நினைத்தாளா? எல்லாம் புரிந்துவிட்டதா? அவள் மனதுக்குள் போய் இரண்டு பத்தி எழுதினேன். இரண்டையும் கிழித்தேன். அவள் கல்யாணத்துக்கே நான் போகவில்லை. மனதுக்குள் எந்த உரிமையில் போவது?

6

முடிவுகள்.

தங்கை நடக்க ஊன்றும் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வருகிறாள். எழுத ஆசைதான். ஆனால் உடற்பயிற்சி சொல்லித்தர வருபவர் நடைச்சட்டத்தைக் கொண்டுவருவதை நிறுத்திவிட்டார். கேட்டால், பார்க்கலாம்மா என்கிறார்.

மருமகள் நேராகவே கேட்கிறாள்: “அத்தை, உண்மையச் சொல்லுங்க, அந்தப் பாலால

இதற்கு மேல் என் கை போகவில்லை.

நடப்பது இதுதான். தினமும் காலையில் மருமகள் அவளைத் துடைத்து, துணி மாற்றி, தலையை உயர்த்திப் பிடித்துப் பால் கொடுக்கிறாள். தங்கை கடைசிச் சொட்டுவரை குடிக்கிறாள். முகவாயில் வழிவதை அந்தப் பெண் புறங்கையால் துடைத்துவிடுகிறாள். இருவரும் அன்பாக இருக்கிறார்கள். என்னால் அந்த அறையில் ஐந்து நிமிடம் உட்கார முடிவதில்லை.

ஏன் எழுதினேன் என்றால், எங்கள் வீட்டுப் பெண்மேல் தெரு ஒரு பழி போட்டிருக்கிறது. அதைத் துடைக்க எழுத உட்கார்ந்தேன். துடைக்க வேண்டுமென்றால் நடந்ததைச் சொல்ல வேண்டும். நடந்ததைச் சொன்னால் மருமகள் படிப்பாள். நான்காம் பகுதியை எடுத்துவிட்டால் கதையில்லை. வைத்தால் அந்தப் பெண் வாழ்நாள் முழுக்க ஒரு டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். நான் முடிவு செய்யவில்லை. இதை அவளுக்கு யாராவது வாசித்துக் காட்ட நேர்ந்தால், மூன்றிலிருந்து நேராக ஐந்துக்குப் போவதா வேண்டாமா என்பது அவர் பாடு.

எதிர்வீட்டுத் தையற்காரி ஊசியில் நூல் கோத்தபடி என்னிடமே கேட்டாள்: “மருமக மாத்திரையே குடுக்காமப் போட்டுட்டாளாமே?”

தவறு. கொடுத்தாள். ஒரு வாரம்கூட விடாமல், தன் கையாலேயே கொடுத்தாள்.