ஆடுகிற நாற்காலி

விடுமுறை நாளானாலும் பஸ் ஓட்டுகிறவளுக்குத் தூக்கம் ஏது? முதல் பஸ்ஸை எடுக்கப் போகிற நேரத்துக்கே முழிப்பு வந்துவிட்டது. பழக்கதோஷத்தில் சாப்பாட்டு மேசையில் இரண்டு கிண்ணங்களை வைத்தாள். சுவரோரம் கணவரின் இடம். அங்கே அவருடைய இதய மாத்திரைகள் மூன்று. ஜன்னலோரம் மகளின் இடம். அங்கே சத்து மாத்திரை ஒன்று. விளக்குகூடப் போடாமல் வைக்கிற அளவுக்குக் கை பழகியிருந்தது. வைத்துவிட்டு மறுபடி போய்ப் படுத்தாள்.

எழுந்தபோது கணவர் மைதானத்துக்குப் போயிருந்தார். மகள் பயிற்சிக்குக் கிளம்பி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி படியாக இறங்கி வந்தாள். ஓட்டத்தில் எல்லோரையும் முந்தி 'முயல்' என்று பெயர் வாங்கியவள் ஆமையாக இறங்குவதை அம்மா கீழே நின்று பார்த்தாள்.

"இன்னும் வலி போகலையா?"

"தொடையெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும்மா. பயிற்சியைக் கொறைச்சும் போகலை. எங்கயும் இடிச்சுக்கவும் இல்ல, ஆனா பாரு, நீலம் நீலமா இருக்கு."

"கோச் கிட்ட சொன்னியா?"

"சொன்னா அணித் தேர்வுல என் பேரை அடிச்சிடுவாரு. அப்பாவைப் பாரு, முன்னெல்லாம் நாலு அடி நடந்தாலே கால் வலிக்குதும்பாரு. இப்போ கோச் வேணாம்னாலும் கேக்காம எங்களோட ஓடுறாரு."

"அவர் வலியை நீ வாங்கிட்டியோ என்னவோ."

கிண்டலாகத்தான் சொன்னாள். சிரிப்பு வரவில்லை. பாழாய்ப்போன மனசு, போன வருஷம் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்ததை ஞாபகப்படுத்தியது. கால் வலித்தாலும், உடம்பில் நீலம் பூத்தாலும் ஒரு நாள்கூட மாத்திரையை விடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

முயல் சுவரோரம் உட்கார்ந்து மூன்று மாத்திரைகளையும் வாயில் போடப் போனாள். அம்மா எட்டி அவள் கையைப் பிடித்தாள்.

"அடிப்பாவி, அது அப்பாவோடது."

"என் எடத்துலதானேம்மா இருக்கு? இந்த நாற்காலி ஆடுதுன்னு அப்பா ஜன்னல் பக்கம் மாறி ஒரு மாசமாச்சு. நீதான் விடியுறதுக்குள்ள போயிடுறியே. தேர்வு வருதுன்னு எனக்கு மாத்திரையைக் கூட்டிட்டேன்னு நெனச்சேன். அப்பாகூட, டாக்டர் அவருக்குக் கொறைச்சிட்டாருன்னு சந்தோஷப்பட்டாரு."

நாற்காலி ஆடினால் ஓர் ஆணி அடிக்க மாட்டாரா இந்த மனுஷர்? இரண்டு பேரில் ஒருவர் அவளைக் கேட்டிருக்கக் கூடாதா? கேட்க மாட்டார்கள். மாத்திரை விஷயத்தில் அந்த வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். ஜன்னலோரக் கிண்ணம் காலியாக இருந்தது.

போன் போட்டாள். பக்கத்து அறையில், கழற்றி மாட்டிய அவர் சட்டைக்குள் மணி அடித்தது.

இருவரும் தெருவில் ஓடினார்கள். வலிக்கிற காலோடு முயல் அம்மாவைத் தாண்டிப் போனாள். மைதானத்து வேலி அருகே போனதும் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏன்டி நின்னுட்டே?"

மகள் உள்ளே கையைக் காட்டினாள். அம்மா மூச்சிரைக்க வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ஓடிக்கொண்டிருக்க வேண்டியவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் கூடி நின்றார்கள். நடுவில் கோச் முட்டி போட்டுக் குனிந்திருந்தார். நின்றவர்களில் அவள் கணவர் இல்லை.