பெபா கேட்ட ஐந்தாவது கேள்வி

எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் கடை வைத்திருக்கும் வியட்நாம்காரருக்குப் பெபா என்று பெயர் வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. வாயில் நுழையாத பெயரோடு ஒருவர் கடை திறந்தால், ஒஸ்திராவாவில் நாங்கள் இப்படித்தான் ஒரு செக் பெயரை மாட்டிவிடுவோம். அவரும் சிரித்தபடியே மாட்டிக்கொண்டார். வாடிக்கையாளர்களிடம் பேசுவதெல்லாம் அவர் மனைவிதான். அவள் போய்ச் சேர்ந்த பிறகு கடையில் விலையையும் "பை வேணுமா"வையும் தவிர வேறு பேச்சே இல்லை.

அப்படிப்பட்ட மனிதர் இந்தக் குளிர்காலத்தில் செக் மொழி படிக்க மாலை வகுப்பில் சேர்ந்தார் என்றால், ஏன் என்று யோசிக்க வேண்டாமா? நான் யோசித்தேன். எனக்கு வேறென்ன வேலை. காரணம் என் எதிர்வீட்டு ரூஷெனா. டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவள், விவாகரத்தானவள். அவளுக்கு மட்டும் ரொட்டிக் கூடையின் அடிவரை தேடி மொறுமொறுப்பானதாக எடுத்துத் தருவார். எனக்கு வருவது நேற்றையது.

ஒரு வியாழக்கிழமை நாங்கள் இருவரும் கடைக்குள் நுழைந்ததும் அவர் கையைத் துடைத்துக்கொண்டு, மேடையில் ஒப்பிக்கிற மாதிரி விறைப்பாக நின்றார். "வீட்டுப்பாடம். அஞ்சு கேள்வி. உங்க பேர் என்ன, மேடம்?"

"இத்தனை வருஷம் ரொட்டி வாங்கியாச்சு, இப்பத்தான் கேக்கத் தோணுச்சா? ரூஷெனா."

"எங்க இருக்கீங்க?"

"மூணாவது மாடி. லிஃப்ட் கெட்டா படியில உக்காந்து திட்டுறது நான்தான்."

"என்ன வேலை பாக்கறீங்க?"

"டிராம் ஓட்டினேன். யாரையும் இடிக்கல."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

ரூஷெனாவின் காது சிவந்தது. "ஆச்சு. போச்சு."

நான் பால் பாக்கெட்டில் தேதியை ரொம்ப அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

"உங்க வயசு என்ன?"

ரூஷெனா கூடையை அப்படியே கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். எங்கள் ஊரில் பெண்ணிடம் வயது கேட்க டாக்டருக்கு மட்டும்தான் உரிமை. மறுநாளிலிருந்து அவள் டிராம் ஏறிப் பெரிய கடைக்குப் போய், வெளுத்துப்போன ரொட்டியை வாங்கி வந்தாள். பெபா அவளுக்கென்று எடுத்துவைத்ததைச் சாயங்காலம் தானே மென்று தின்றார். கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

"அந்த மனுஷன் என்னடி தப்பாக் கேட்டுட்டார்?" என்று ரூஷெனாவைக் குடைந்தேன்.

"நாலாவது கேள்வி வரைக்கும் நான் வேற என்னமோ நெனச்சுட்டேன். அஞ்சாவதுல, சரக்கு எப்ப வந்ததுன்னு பாக்கற மாதிரி பாக்கறார்."

ஓஹோ, இவளும் நினைத்திருக்கிறாள். நேராகக் கடைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும், "ரூஷெனா மேடம், உடம்பு சரியில்லையா?" என்றார்.

"உடம்புக்கென்ன, நல்லாத்தான் இருக்கு. வயசக் கேட்டா எவ நிப்பா? வாத்தியாரம்மா சொல்லலையா?"

"இப்ப சொன்னாங்க. கேக்கக் கூடாது." கவுண்டரைத் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது. "ஆனா எங்க ஊர்ல, வயசு தெரியாம யாரையும் கூப்பிட முடியாது. என்னைவிடப் பெரியவங்கன்னா அக்கா. சின்னவங்கன்னா அதுக்கு வேற ஒரு சொல் இருக்கு. என் பொண்டாட்டிய அந்தச் சொல்லாலதான் கூப்பிட்டேன்." துணியை மடித்தார். "ரூஷெனா மேடம் அக்காவா இருந்தா... நான் பேசாம ரொட்டி மட்டும் குடுப்பேன்."

லிஃப்ட்டுக்குக்கூடக் காத்திராமல் மாடி ஏறி, ஒரு வார்த்தை விடாமல் ரூஷெனாவிடம் கொட்டினேன். பொண்டாட்டி விஷயத்தை மட்டும் இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள்.

அன்று மாலையே உதட்டுச் சாயம் பூசி, வீட்டில் வடித்த பிளம் சாராயமும் இரண்டு குட்டிக் கிளாசும் எடுத்துக்கொண்டு இறங்கினாள். எனக்கும் சரியாக அந்த நேரத்தில் உப்பு தீர்ந்துவிட்டது.

"துடைச்சது போதும்," என்றாள். "இப்ப என் முறை. உங்க பேர் என்ன?"

"பெபா."

"அது நாங்க வச்சது. உங்கம்மா வச்சது என்ன?"

"கியெம்."

ரூஷெனா சொல்லிப் பார்த்தாள். அவர் திருத்தினார். மறுபடி சொன்னாள். "கியெம். உங்க வயசு என்ன?"

"அறுபத்தி நாலு."

ரூஷெனா கிளாஸ்களை நிரப்பினாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"எனக்கு அறுபத்தி மூணு."

எனக்கு அறுபத்தாறு. அவளும் நானும் பள்ளியில் ஒரே பெஞ்சு. அவள் என்னைவிட இரண்டு மாதம் மூத்தவள் வேறு. வாய் தானாகத் திறந்தது. தண்டவாளத்தில் நிற்கிறவளைப் பார்க்கிற மாதிரி ரூஷெனா என்னை ஒரு பார்வை பார்த்தாள். திறந்த வாயால் உப்பு என்ன விலை என்று கேட்டுவைத்தேன்.

எங்களில் 'நீங்க'வை விடலாம் என்று பெண்தான் முதலில் சொல்ல வேண்டும். "இனிமே நீன்னே சொல்லு," என்று ரூஷெனா கிளாஸை நீட்டினாள். கிளாஸோடு கிளாஸ் இடிக்கும்போது இருவரும் கண்ணைப் பார்த்துக்கொண்டார்கள், குடித்த பிறகும் எடுக்கவில்லை. பிறகு கியெம் தன் மொழியில், எனக்குப் பிடிபடாத ஒரு குட்டிச் சொல்லை மெதுவாகச் சொன்னார்.

"ம்?" என்றாள் ரூஷெனா, காலமெல்லாம் அப்படி அழைக்கப்பட்டவள் போல.

நான் உப்பை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டு வந்தேன். பேச்சு பாதியில் இருக்கும்போது நான் எழுந்து வந்ததாக எங்கள் படிக்கட்டில் சொன்னால் ஒருத்தரும் நம்பமாட்டார்கள்.