கேள்விக்குறிகள்

இரண்டாயிரத்து ஆறில் இலங்கையின் ஹட்டனில் ஒரு தொண்டு நிறுவனம், ஒன்பது தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரிகளின் பிள்ளைப்பேற்றுப் பதிவுகளை ஒரே கணினியில் சேர்க்க முடிவு செய்தது. வேலை சண்முகவடிவின் கைக்கு வந்தது. தரவுகளைச் சேர்க்கும் மென்பொருள் விண்டோஸிலும் ஓடும், லினக்ஸிலும் ஓடும். எதில் ஓடவிடுவது என்பதுதான் கேள்வி.

வடிவு லினக்ஸில் சோதித்துப் பார்த்தாள். தமிழ்ப் பெயர்கள் அப்படியே வந்து சேர்ந்தன.

அலுவலகப் பொறுப்பாளர் குணரத்தினம் யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர். "உம்மை விட்டா இங்க லினக்ஸ் ஆருக்குத் தெரியும்? நாளைக்கு நீர் கலியாணம் கட்டிப் போனா ஆர் பாக்கிறது? விண்டோஸையே போடும் பிள்ளை" என்றார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. "சரிங்க சேர்" என்றாள். விண்டோஸைப் போட்டு, கைக்கு அகப்பட்ட, ஆங்கிலத்தில் தட்டிய நூறு பதிவுகளை வைத்துச் சோதித்தாள். பிழையில்லை. பிறகு எல்லாவற்றையும் சேர்த்தாள். எண்ணிக்கை சரியாக இருந்ததால், தோட்டத்துப் பழைய கணினிகளில் இருந்ததை அழித்து, அவற்றைப் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுக்கலாம் என்று கையெழுத்தும் போட்டாள்.

மூன்று வாரம் கழித்துத்தான் பார்த்தாள். கந்தப்பளைப் பக்கத் தோட்டமொன்றில் மட்டும் பெயர்களைத் தமிழில் தட்டியிருந்தார்கள். விண்டோஸில் தமிழ் எழுத்துகள் சிதைந்து, இருநூற்றுப் பதினான்கு பிள்ளைகளின் பெயர் இருந்த இடத்தில் வெறும் கேள்விக்குறிகள். பிறந்த தேதி இருந்தது, எடை இருந்தது, இறந்துபோயிருந்தால் அந்தத் தேதியும் இருந்தது, பெயர் இல்லை. மழையில் ஊறிய பழைய பதிவுப் புத்தகங்களை அதற்கு முன்பே எரித்துவிட்டார்கள்.

குணரத்தினம் திரையில் ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். "பிழை என்னிலதான்" என்றார்.  மறுநாளே வடிவு எழுதக் கொப்பியை எடுத்துக்கொண்டு அந்தத் தோட்டத்துக்கு பஸ் ஏறினாள்.

தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில் லயம் லயமாக நடந்தாள். தாய்மார் சொல்லச் சொல்ல எழுதினாள். ஆறாம் நாள் அழகம்மாவின் ஒற்றை அறைக் காம்பராவுக்குப் போனாள். கொழுந்து பறித்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள் அழகம்மா.

"தொண்ணூத்தெட்டுல ஒரு பொம்பளப்புள்ள பொறந்திருக்குங்களே அக்கா. பதினோரு நாள்ல..."

"ஆமாங்க மிஸ்."

"பேரு என்னங்க?"

அழகம்மா முந்தானையால் கையைத் துடைத்தாள். "பதினாறாம் நாளு வைக்கலாம்னு இருந்தோம். அதுக்குள்ள போயிருச்சு. பேரில்லாம எழுதக்கூடாதுன்னு ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரய்யா அவரே புத்தகத்துல ஒண்ணு எழுதினாருங்க. அப்ப எனக்குக் கேக்க மனசு வரல. பொறகு அவரும் செத்துட்டாரு." முந்தானையை இடுப்பில் செருகினாள். "புத்தகத்த கம்பியூட்டர்ல ஏத்திட்டாங்கன்னு சொன்னாங்க. நீங்க வந்ததும், அந்தப் பேர சொல்லத்தான் வந்திருக்கீங்கன்னு நெனச்சேன்."

 பொய்யாக ஒரு பெயரைச் சொல்லிவிடலாமா என்றுகூட வடிவுக்கு ஒரு கணம் தோன்றியது.

"அது அழிஞ்சு போச்சுங்க அக்கா. நான் செஞ்ச வேலையிலதான் அழிஞ்சுச்சு."

அழகம்மா திட்டவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து, எதிரே மலையில் இறங்கும் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வடிவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அழகம்மாதான் எழுப்பிவிட்டாள்.

அடுத்த மாதம், பதிவுகள் இருந்த சேர்வரில் லினக்ஸைப் போட்டார்கள். குணரத்தினம் பக்கத்தில் கதிரையைப் போட்டு ஒவ்வொரு கட்டளையையும் எழுதிப் பழகினார். இருநூற்றுப் பதின்மூன்று பெயர்களை வடிவு தன் கையாலேயே தட்டினாள். மிச்சமிருந்த ஒன்றுக்கு, "அழகம்மாவின் மகள்" என்று எழுதிச் சேமித்தாள்.