சஃப்ரீனின் பட்ஸில் சார்ஜ் ஏறவில்லை

முதலில் இடது பட்ஸ்தான் செத்தது. டப்பியைத் திறந்தால் வலதில் வெள்ளை விளக்கு மினுக்கென்று எரியும். இடது கல்லுளிமங்கன் மாதிரி கிடக்கும். சரி, ஒரு காது போதும் என்று சஃப்ரீன் வலதை வைத்து ஒப்பேற்றினாள். கொஞ்ச நாளில் அதுவும் கண்ணை மூடிக்கொண்டது.

இது ஒரு பெரிய துக்கமா என்று கேட்பவர்கள் தாராவியில் ஒற்றைக் கோலியில் குடித்தனம் நடத்திப் பார்க்காத புண்ணியவான்கள். இருப்பது ஒரே அறை. ஒரு சுவரோரம் மாமியார் ஆஸியாவின் தையல் மெஷின், எதிர்ச் சுவரோரம் அடுப்பு, ஏணி போட்டு ஏறும் மேல்தட்டில் கொழுந்தன் பைசான். சஃப்ரீனின் போனோ போன மழையில் நனைந்ததிலிருந்து காதில் வைத்தால் கேட்காது, ஸ்பீக்கரில் மட்டும்தான் பேசும். சவுதியில் தம்மாமில் வேலை பார்க்கும் யாசர் ஸ்பீக்கரில் வந்தால், அம்மாவுக்கு மூட்டுவலி எப்படி, பைசானுக்கு வேலை கிடைத்ததா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று ஊர்க்கதை பேசுவான். பட்ஸில் வந்தால்தான் அவன் புருஷனாகப் பேசுவான்.

"ஏட்டி, கழுத்துல அந்த மச்சம் அங்கனதான் இருக்கா, இல்ல எடம் மாறிட்டா?" என்பான். இவள் கீரை ஆய்ந்துகொண்டே "ம்" என்பாள். இன்னும் கேட்கக் கூசுகிறதெல்லாம் கேட்பான். அதற்கும் "ம்"தான். பட்ஸ் அவன் குரலை ஒளித்துவைக்கும். இவள் குரலை யார் ஒளித்துவைப்பது? வெளியே போய்ப் பேசலாம் என்றால் சந்தில் நிற்கிற பெண்ணுக்கு ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஆகவே அவள் பங்குக்கு "ம்". அதையெல்லாம் அவன் சம்மதம் என்றே எடுத்துக்கொள்வான். பெரும்பாலும் அது சம்மதமாகத்தான் இருந்தது.

இப்படிப்பட்ட நேரத்தில் யாசரிடமிருந்து தமிழில் ஒரு செய்தி வந்தது. சஃப்ரீன் மும்பையில் பிறந்து இந்திப் பள்ளியில் படித்தவள். தமிழைப் பேசச் சொன்னால் பொரிந்து தள்ளுவாள், படிக்கச் சொன்னால் எழுத்துக்கூட்டுவாள். கூட்டிக் கூட்டிப் படித்தாள். 'வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து கூப்பிடுவேன். பட்ஸைச் சரிபண்ணி வை. உனக்கு மட்டும் ஒரு விஷயம்.'

அவன் வேலை ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. வேறென்ன விஷயம் இருக்கப்போகிறது? வருகிறான்! அதை எல்லோருக்கும் முன்னால் அவள் மட்டும் கேட்கவேண்டும். அவன் வாயால், காதுக்குள் கேட்கவேண்டும். அந்த ஆசையில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வயரை மாற்றினாள். பிளக்கை மாற்றினாள். மெஷின் போர்டில் போட்டாள், அடுப்புமேடை போர்டில் போட்டாள். யூடியூபில் ஒரு பையன் இந்தியில் சொன்னபடி பட்டனை அழுத்திப் பிடித்தாள். ஊசிமுனையால் சார்ஜ் ஓட்டையில் இருந்த பஞ்சை எடுத்தாள். நனைந்த போனுக்குச் சொல்வார்களே என்று அரிசிப் பானைக்குள்ளும் ஒரு பகல் புதைத்துவைத்தாள். அரிசி மணத்ததே தவிர பட்ஸ் உயிர்க்கவில்லை.

வியாழக்கிழமை தொண்ணூறு அடி ரோட்டில் மாரிசெல்வியின் மொபைல் கடைக்குப் போனாள். புருஷன் நாகராஜ் சரக்கெடுக்கப் போனால் கடை அவள் ராஜ்ஜியம்தான். சஃப்ரீனும் அவளும் முன்பு ஒரே சாலில், அந்த வரிசை வீட்டுக் கட்டடத்தில், அடுத்தடுத்த கோலியில் இருந்தவர்கள்.

"என்னளா, மூஞ்சி தொங்கிக் கெடக்கு?"

சஃப்ரீன் டப்பியை நீட்டினாள். "அக்கா, நாளைக்குள்ள இது பேசணும். இல்லன்னா நான் செத்தேன்."

மாரிசெல்வி டப்பியில் வயரைச் செருகினாள். விளக்கு எரிந்தது. "டப்பில சார்ஜ் ஏறுது பாரு. அப்ப வயரும் நல்லாருக்கு, பிளக்கும் நல்லாருக்கு. குட்டிய ரெண்டுந்தான் பால் குடிக்க மாட்டேங்கு." ஒரு பட்ஸைத் தூக்கிக் கண்ணருகே கொண்டுபோனவள் சட்டென்று மூக்கருகே கொண்டுபோனாள். "ஏ, இதென்ன வாசன? அத்தரா?"

சஃப்ரீனுக்கு முகம் சிவந்தது. "அவுக அத்தர்."

"அவுக தம்மாம்லல்லா இருக்காக?"

"பாட்டில இங்க விட்டுட்டுப் போயிட்டாக."

மெல்ல மெல்லக் கதை வெளியே வந்தது. வெள்ளிக்கிழமை தொழுகைக்குக் கிளம்பும்போது யாசர் துளிப் பஞ்சில் அத்தர் தொட்டுக் காதுமடிப்பில் செருகிக்கொள்வான். அவர்கள் பக்கத்து ஆண்களுக்கு அது வழக்கம். அவன் போன பிறகு, அவன் கூப்பிடுகிற வெள்ளிக்கிழமைகளில் இவளும் முக்காட்டுக்குள் அதேபோல் பஞ்சு செருகி, அதன்மேல் பட்ஸை மாட்டிக்கொண்டாள். குரலும் வாசனையும் ஒரே காதருகே வரும். கண்ணை மூடினால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். இடது பட்ஸ் செத்ததும் பஞ்சை வலது காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அடி கூறுகெட்டவளே!" மாரிசெல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஒண்ணக் கொன்னது காணாதுன்னு ரெண்டாவதுக்கும் ஊட்டிவிட்டியாக்கும்! பேட்டரி சாகலளா. டப்பிக்குள்ள இருக்க பின்னுல அத்தர் எறங்கி, ஒங்க மாமி மெஷின் தூசி அதுல அப்பிப் பிசினாக் கெடக்கு. பின்னு தொட்டாத்தான சார்ஜ் ஏறும்?"

சிரித்துக்கொண்டே இருந்தவள் சஃப்ரீனின் கண்ணைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். பிறகு ஸ்பிரிட்டில் பஞ்சுக்குச்சியை நனைத்து, ஒவ்வொரு பின்னாக, பட்ஸின் அடியில் இருக்கும் பொட்டுத் தகடுகளையும் சேர்த்து, பிள்ளைக்குக் காது துடைப்பதுபோல் துடைத்தாள். காய்ந்ததும் உள்ளே போட்டாள். இரண்டு வெள்ளை விளக்கும் எரிந்தன.

"இனிமே அத்தர் வேணும்னா முந்தானையில தேச்சுக்கோ. காதுப் பக்கம் கொண்டுபோவாத. கேட்டியா?"

சஃப்ரீன் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காதைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். பட்ஸை மாட்டிக்கொண்டு, வெங்காயம் உரிக்கிற சாக்கில் அடுப்போரம் உட்கார்ந்தாள். மாமியார் நைட்டிக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். பைசான் மேலே படுத்திருந்தான். போன் மணி அடித்தது.

"சஃப்ரீன், கேக்குதா?"

"ம்."

"ரெண்டு காதுலயுமா?"

"ம்." சொல்லேன், எந்தத் தேதி என்று சொல்லேன்!

யாசர் தொண்டையைச் செருமினான். "கம்பெனில இன்னும் ரெண்டு வருசம் இருக்கச் சொல்லுதான். சூப்பர்வைசராப் போடுதானாம். பைசானுக்கும் விசா வாங்கித் தாறேங்கான். ஞாயித்துக்கெழம கையெழுத்து. அம்மாட்ட இன்னும் சொல்லல. மொதல்ல ஒங்கிட்டதான் கேக்கேன். நீ வேண்டாம்னா போட மாட்டேன். போடட்டுமா?"

வெங்காயம் கையிலிருந்து உருண்டது. இதற்காகவா வயர் மாற்றினாள்? இதற்காகவா கடையில் வெட்கத்தை விட்டாள்? ஒரு சொல் பிசகாமல், பக்கத்தில் நின்று சொல்வதுபோல் அவ்வளவு தெளிவாகக் கேட்டது.

"என்னத்தச் சொல்லுதான்?" என்றாள் மாமியார், மெஷினை நிறுத்தாமலே.

"சாப்டியான்னு கேக்காக மாமி."

"சொல்லு புள்ள," காதுக்குள் யாசர். "ஒனக்குச் சம்மதந்தான?"

பழகிப்போன "ம்" தொண்டைவரை வந்துவிட்டது. இன்னும் ஒரு நொடி விட்டிருந்தால் தானாக வெளியே விழுந்திருக்கும். பல்லைக் கடித்து அதை விழுங்கினாள். இந்த ஒரு எழுத்தை வைத்துக்கொண்டுதானே இத்தனை நாள் ஓட்டினோம் என்று அவளுக்கு அவள்மேலேயே ஆத்திரம் வந்தது. குரலை மட்டும் வைத்துக்கொண்டு எவ்வளவு காலம்? அவளுக்கு அவன் வேண்டும். கையும் காலும் வேர்வையுமாக, சண்டை போட, பக்கத்தில் படுக்க, முழுசாக வேண்டும்.

"வேண்டாம்," என்றாள்.

வாய்விட்டே சொன்னாள். மெஷின் நின்றது.

"கையெழுத்துப் போடாதீங்க மச்சான். வந்துருங்க. என்னால முடியல. எனக்கு நீங்க வேணும்."

மேல்தட்டிலிருந்து பைசானின் தலை எட்டிப் பார்த்தது. மாமியார் துணியைப் பிடித்த கையோடு திரும்பி அவளையே பார்த்தாள். இனிமேல் மறைக்க என்ன இருக்கிறது? சஃப்ரீன் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தப் பக்கம் யாசருக்கு மூச்சு வாங்குவது கேட்டது. "ஏட்டி... சத்தமாவா சொன்ன? அம்மா இருக்காகளா அங்க?"

"இருக்காக. எல்லாரும் இருக்காக. நீங்கதான் இல்ல."