மஞ்சள் கையுறை

கையை அழித்துவிட்டார்களாம். அதைப் பெரிய உபகாரம் செய்தவன் மாதிரி பல்லைக் காட்டிக்கொண்டு சொன்னான் பாருங்கள் அந்த பியர்ஸ், அதைத்தான் க்ளெனிஸால் பொறுக்க முடியவில்லை.

இங்கிலாந்தில் ஸ்டாக்போர்ட் ஊர் ஓட்டல் ஒன்றின் கூடத்தில் சனிக்கிழமை மதியம் முந்நூறு பேர் கூடியிருந்தார்கள். பாதிப் பேர் உடம்பில் அட்டையும் வெள்ளித் தாளும் சுற்றியிருந்தார்கள். எல்லோரும் ‘கேட்பாரற்ற சாமான்கள்’ தொடரின் ரசிகர்கள். நாற்பது வருடத்துக்கு முந்தைய விண்வெளி நகைச்சுவைத் தொடர் அது. பயணிகள் மறந்துவிட்டுப் போன பெட்டிகளைக் கிரகம் கிரகமாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஓர் ஓட்டை விண்கலத்தின் கதை. கலத்தின் சுவர் முட்டை அட்டை. விளக்குகள் தயிர் டப்பா மூடி. யாராவது தும்மினால் சுவர் ஆடும். ஆடுகிறது என்பதற்காகத்தான் இந்த ஜனங்கள் நாற்பது வருடமாக உயிரை விடுகிறார்கள்.

கலத்தின் கதவு தானாகத் திறப்பதாகக் கதை. உண்மையில் பின்னால் நின்று கயிற்றை இழுத்தவள் க்ளெனிஸ். ஒருநாள், படப்பிடிப்பை ஜனங்கள் முன்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கயிறு அறுந்துவிட்டது. கேப்டன் வேஷக்காரர் கதவுக்கு முன் விழித்துக்கொண்டு நின்றார். க்ளெனிஸ் சற்று முன்புவரை சுவரில் பசை தடவி ஒட்டிக்கொண்டிருந்தாள். கையில் பாத்திரம் கழுவும் மஞ்சள் கையுறை. அப்படியே இடுக்கில் கையை விட்டு, கதவைப் பிடித்து இழுத்தாள். கேப்டன் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கி, “ரொம்ப நன்றி கண்ணு. வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?” என்றார். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. காட்சி அப்படியே தொடரில் வந்துவிட்டது.

பதில் க்ளெனிஸின் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் வாய் திறக்கக் கூடாது. கயிறு இழுக்கிறவர்கள் கயிறுதான் இழுக்க வேண்டும், பேசுவது நடிகர் வேலை என்று தொழிற்சங்கத்தில் கறாரான விதி. முழுங்கிக்கொண்டாள். கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலிலும் அவள் பெயர் இல்லை. அந்தத் தொடரில் அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு கை.

அது யார் கை என்று ரசிகர்கள் வருடக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ரசிகர் மன்றத் தலைவன் நெவில், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர், இந்த வருடம்தான் அவளைக் கண்டுபிடித்தான். இன்று தொடரைத் திரையில் போட்டு, அந்தக் காட்சி முடிந்ததும் அவளை மேடையேற்றி எல்லோருக்கும் காட்டுவதாக ஏற்பாடு. அதற்குள் தொடரின் உரிமையை வைத்திருக்கும் கம்பெனி, புதிதாக மெருகேற்றிய பதிப்பைத்தான் போட வேண்டும் என்று பியர்ஸை அனுப்பிவிட்டது.

“சின்னச் சின்னத் தப்பெல்லாம் சரி பண்ணிட்டோம் மேடம். கதவுல ஒரு கை தெரியுமே, யாரோ வேலையாள் கை, அதையும் எடுத்தாச்சு.”

“அந்த யாரோ நான்தான்.”

அவன் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. “அப்போ உங்களுக்கும் நிம்மதிதானே? இத்தனை வருஷமா உங்க தப்பை ஊரே பாத்துச்சு.”

தப்பாம். அன்றைக்கு அந்தக் கை மட்டும் நீளவில்லை என்றால் கேப்டன் இன்னும் அங்கேயேதான் நின்றுகொண்டிருப்பார். க்ளெனிஸுக்குக் காது வரை சூடேறியது. டீயை அப்படியே வைத்துவிட்டாள்.

“போயிடலாமான்னு இருக்கு நெவில்.”

“நீங்க போனா நானும் வந்துருவேன். ஆனா இவங்க கிட்ட யாரு சொல்றது? எல்லாரும் பையில கையுறை வெச்சிருக்காங்க.”

படம் ஓடியது. சுவர் ஆடவில்லை. நட்சத்திரங்கள் பளிச்சென்று இருந்தன. கூட்டம் ஏதோ மரியாதைக்குச் சிரித்தது. அந்தக் காட்சி வந்ததும் வழக்கம்போல முந்நூறு மஞ்சள் கையுறைகள் மேலே உயர்ந்தன.

கதவு தானாக, வழுக்கிக்கொண்டு திறந்தது. கேப்டன் கையும் குலுக்காமல், எதுவும் கேட்காமல் தன் பாட்டுக்கு நடந்து போனார்.

தூக்கிய கைகளை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. முன் வரிசையில் ஒரு பெரியவர், “இதைப் பாக்கவா அபெர்டீன்ல இருந்து இவ்வளவு தூரம் வந்தேன்?” என்று முனகினார். சுவர் ஓரம் நின்ற பியர்ஸ், “எவ்வளவு சுத்தமா இருக்கு பாத்தீங்களா?” என்றான்.

க்ளெனிஸ் எழுந்தாள். பக்கத்திலிருந்த பெண்ணிடம், “அதைக் கொஞ்சம் குடு கண்ணு,” என்று கையுறையை வாங்கி மாட்டிக்கொண்டு, விறுவிறுவென்று மேடையேறித் திரையின் அருகே போய் நின்றாள்.

“நெவில், அந்தக் கதவை மறுபடி போடு.”

“மேடம், மறைக்கிறீங்க,” என்றான் பியர்ஸ்.

“மறைச்சது நீங்க.”

நெவில் படத்தைப் பின்னால் ஓட்டினான். கதவு மூடியிருந்தது, கேப்டன் எதிரே வந்து நின்றார். க்ளெனிஸ் மஞ்சள் கையைத் திரையின் மேல் நீட்டி, அன்றைக்கு இழுத்த அதே வேகத்தில் கதவை இழுத்தாள். அதன் நிழல் கேப்டனின் மார்பு வரை விழுந்தது. யார் இவள் என்று கூட்டத்துக்குப் புரிய ஒரு மூச்சு விடும் நேரம் ஆனது. நெவில் படத்தை நிறுத்தினான்.

பிறகு முந்நூறு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள்: “ரொம்ப நன்றி கண்ணு. வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?”

நாற்பது வருடமாக நாக்கு நுனியில் நின்ற பதிலை க்ளெனிஸ் சொன்னாள். “எல்லாரும் சௌக்கியம்.” பியர்ஸ் பக்கம் திரும்பிக் கையைத் தூக்கிக் காட்டினாள். “கையைத்தான் ஒருத்தன் வெட்டிட்டான்.”