நாற்பது நிமிடப் பாவசங்கீர்த்தனம்

மனைவி இறப்பதற்கு இரண்டு நாள் முன்பு, கடும் நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் நோயில்பூசுதல் கொடுக்கப் பங்குச் சாமியார் மருத்துவமனைக்கு வந்தார். "பாவசங்கீர்த்தனம் கேக்கணும், கொஞ்சம் வெளிய இருங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். கணவரான லிஃப்ட் மெக்கானிக் வராந்தாவில் காத்திருந்தார். கதவு திறக்க நாற்பது நிமிடம் ஆனது.

அப்போது அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. அடக்கம் முடிந்து, வந்தவர்கள் கிளம்பி, வீடு வெறிச்சோடிய பிறகுதான் அது மனதைக் குடைய ஆரம்பித்தது. பதினெட்டு வருடம் கூட வாழ்ந்தவள். சனிக்கிழமை கோயிலுக்குப் போனால், அவர் வண்டியை நிறுத்திவிட்டு வருவதற்குள் பாவங்களைச் சொல்லி முடித்திருப்பாள். அப்படிப்பட்டவளுக்கு நாற்பது நிமிடம் சொல்ல என்ன இருந்தது?

அலமாரியைக் குடைந்தார். கைப்பையைக் கவிழ்த்தார். அவளுடைய போனில் பெயர் போடாத ஓர் எண் நான்கு முறை வந்திருந்தது. அந்த எண்ணை அழைத்தார். ஓர் ஆண் குரல்.

"அக்கா செருப்பு தைச்சு நாலு மாசமாச்சு சார். வந்து வாங்கிக்கச் சொல்லுங்க."

போய் வாங்கினார். அப்போதும் செருப்பு தைப்பவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

மனைவியின் தங்கையிடம் கேட்டார். "உன் அக்கா என்கிட்ட எதையாவது மறைச்சாளா?"

"அவளாவது, மறைக்கிறதாவது. அவளுக்கு வாயில பூட்டே கிடையாதே அத்தான்" என்றவள், "ஏன் இப்படிக் கேக்குறீங்க?" என்றாள்.

ஏன் கேட்கிறாள் என்று அவளையும் சந்தேகப்பட்டார்.

ஞாயிறு பூசையில் சாமியார் தன்னை மட்டும் பார்க்காமல் நகர்வதாகப் பட்டது. பார்த்தால், பரிதாபப்படுவதாகப் பட்டது. பூசை முடிந்ததும் உடுப்பறைக்குப் போய் நேரடியாகவே கேட்டுவிட்டார்.

அங்கியை மடித்துக்கொண்டிருந்த சாமியார் நிமிரவில்லை. "அதை நான் யார்கிட்டயும் சொல்லக் கூடாது. உங்களுக்கே தெரியும்."

அடுத்த சனிக்கிழமை மாலை, அவர் பாவசங்கீர்த்தனத் தொட்டியில், சாமியாருக்கும் தனக்கும் நடுவே இருந்த கம்பித் தட்டிக்கு முன் முழந்தாளிட்டார். அங்கே வைத்து மடக்கிவிடலாம் என்பது எண்ணம்.

"சந்தேகம்தான் என் பாவம், ஃபாதர். செத்துப்போனவளைச் சந்தேகப்படுறேன். அவ உங்ககிட்ட என்ன சொன்னா?"

"இங்க உங்க பாவத்தை மட்டும் சொல்லுங்க."

கம்பித் தட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. ஆனால் வாய் வேறொன்றைச் சொன்னது.

"அன்னைக்கு வராந்தாவுல நின்னு ஜெபம் பண்ணேன். அவ பொழைக்கணும்னு இல்ல. சாமி, இன்னைக்கே கூட்டிக்கோ, என்னால முடியலன்னு. மூணு மாசமா அவ படுக்கை பக்கத்துலயே இருந்து தூங்கல ஃபாதர். கதவு திறந்ததும் என்னைப் பார்த்துச் சிரிச்சா. அவளுக்குத் தெரிஞ்சிருக்கும். நான் எப்பவோ அலுத்துப்போயிட்டேன்னுதான் உங்ககிட்ட அழுதிருப்பா. இல்லையா?"

சாமியார், "இதை அவங்ககிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டார்.

"எப்படிச் சொல்றது? போயிட்டாளே."

"கல்லறையில போய், வாய்விட்டுச் சொல்லுங்க. அதுதான் உங்களுக்கு அபராதம்." பிறகு சிலுவை வரைந்து பாவமன்னிப்புக் கொடுத்தார்.

மறுநாள் காலை கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தார். இரண்டு வரிசை தள்ளி ஒருவர் புல் வெட்டிக்கொண்டிருந்தார். அவள் கல்லறை அருகே குனிந்து, வராந்தாவில் கேட்ட ஜெபத்தை அப்படியே சொன்னார். தூங்காத இரவுகளையும் அலுப்பையும் சொன்னார். போனைத் துழாவியதற்கு மன்னிப்புக் கேட்டார். அடக்கத்தன்று வராத அழுகை அங்கே வந்தது. புல் வெட்டியவர் வேலையை நிறுத்திவிட்டு வேறு பக்கம் போனார்.

அவள் என்ன சொன்னாள் என்பது அவருக்குக் கடைசி வரை தெரியவில்லை. சந்தேகம் ஒரேயடியாகப் போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. ஆனால் அன்று பகலில், சட்டையைக்கூட மாற்றாமல், ஐந்து மணி நேரம் அசந்து தூங்கினார்.