பிப்ரவரி இருபத்தொன்பதின் விடை

"விண்வெளிக்குப் போன முதல் பெண் யாரு, சொல்லு பாப்போம்?" என்று கேட்டான் கணவன். கையில் அப்போதுதான் கிழித்த நேற்றைய காலண்டர் தாள், ஜூன் பதினாறு. அவள் பதில் சொல்லுமுன் தாளைத் திருப்பி அவனே வாசித்தான். "மேக்னா கார்ட்டா. பேரே என்ன கம்பீரமா இருக்கு பாரு!"

அடுப்படியில் நின்றவளுக்குக் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது.

"ஏங்க, அது பொம்பளையே இல்லங்க. எண்ணூறு வருஷத்துக்கு முந்தின இங்கிலாந்துச் சாசனம்!"

ஓடிவந்து அன்றைய தாளைத் தூக்கிப் பார்த்தாள். 'இதே நாளில் பெட்டிகளில் பிரித்து அடைக்கப்பட்டு நியூயார்க் துறைமுகம் வந்தது எது?' என்பது கேள்வி. சுதந்திர தேவி சிலை என்று அவளுக்குத் தெரியும். பின்பக்கத்தில் விடை: வாலண்டினா தெரஷ்கோவா. விண்வெளிக்குப் போய்ப் பத்திரமாகத் திரும்பிய பெண்ணைத் துண்டு துண்டாகப் பெட்டியில் அடைத்து வைத்திருந்தார்கள், பாவிகள்.

அந்தக் காலண்டர் அவள் வேலை பார்க்கும் அச்சகத்தில் அடித்தது. பதினோரு வருஷமாக அங்கே பிழை திருத்துபவள் அவள் ஒருத்திதான். ஒவ்வொரு தேதியையும் மூன்று புத்தகங்களில் ஒத்துப்பார்த்துத்தான் டிக் போடுவாள். அதனாலேயே வீட்டில் அதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பார்த்தால் கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடும், சோறு இறங்காது.

எங்கே கோளாறு என்று பஸ்ஸில் போகும்போதே புரிந்துவிட்டது. போன வருஷம் லீப் வருஷம். கேள்விகளைத் தொகுக்கும் மகானுபாவர் முதலாளியின் மச்சான்; ஊழியர்கள் அவருக்கு வைத்த பெயர் கேள்விக்குறி. அவர் அதே கோப்பைத்தான் இந்த வருஷத்துக்கும் தூக்கிக் கொடுத்திருந்தார். பிப்ரவரி இருபத்தொன்பதின் கேள்வி, விடை இரண்டையும் எடுக்கச் சொல்லிச் சிவப்பில் எழுதியிருந்தாள். மனிதர் கேள்வியை மட்டும் எடுத்திருக்கிறார். விடை மார்ச் ஒன்றின் முதுகில் ஏறிக்கொண்டது. அதன்பிறகு எல்லா விடையும் ஒருநாள் தள்ளி. திருத்தியதை இன்னொரு தடவை காட்டச் சொல்லி எத்தனை முறை கெஞ்சியிருப்பாள்! "ஒரு நாள் விஷயம்தானே, போங்கம்மா" என்றிருந்தார்.

ஆனால் அச்சுக்கு அனுப்பலாம் என்று கடைசிப் பக்கத்தில் போட்ட கையெழுத்து அவளுடையது. இந்த வயதில் வேலை போனால் வேறு எவன் கூப்பிடுவான்? அச்சகத்துக்குள் நுழைந்ததும் அலமாரியைக் குடைந்து, சிவப்பில் எழுதிய பழைய அச்சுப்படியைத் தேடி எடுத்துக்கொண்டு முதலாளியின் அறைக்குப் போனாள்.

முதலாளி பொறுமையாகப் பார்த்தார். பக்கத்தில் கேள்விக்குறி கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"உங்க மேல தப்பே இல்லம்மா. தெளிவா எழுதியிருக்கீங்க" என்றார் முதலாளி. அவளுக்கு உயிர் வந்தது.

"எத்தனை அடிச்சோம்?"

"நாப்பதாயிரம் சார்."

"புகார் ஏதாவது வந்துச்சாடா?"

"ஒண்ணு வந்துச்சு மாமா" என்றார் கேள்விக்குறி. "ஆணி மாட்டுற ஓட்டை கோணலா இருக்காம்."

"பாத்தீங்களாம்மா? மூணரை மாசம், நாப்பதாயிரம் வீடு, ஒருத்தன் கேக்கல." முதலாளி நாற்காலியில் சாய்ந்தார். முகத்தில் ஞானம் பிறந்த களை. "அப்ப இதுல பிழை பாக்க ஒரு ஆளு எதுக்கு?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தப்பு செய்தவர் கூரையைப் பார்க்கிறார், தப்பைக் கண்டுபிடித்தவளுக்கு வேலை இல்லை! இருக்கைக்குத் திரும்பி, மேசையிலிருந்த மூன்று புத்தகங்களையும் முறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அரைமணி நேரத்தில் கூப்பிட்டார்கள். மச்சானும் மாமனும் சேர்ந்து தட்டச்சு செய்த கடிதம் தயாராக இருந்தது. பதினோரு வருஷச் சேவைக்கு நன்றி. 'ஜூன் 31 அன்று மாலையுடன் தாங்கள் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறீர்கள்.'

சிவப்புப் பேனா தானாகவே கைக்கு வந்துவிட்டது. மூடியைக்கூடக் கழற்றிவிட்டாள். பதினோரு வருஷத்தில் ஜூன் மாதத்துக்கு முப்பது தாளுக்கு மேல் அவள் பார்த்ததே இல்லை.

மூடியைத் திரும்பப் போட்டாள்.

"தேதி சரிதானே சார்?"

"சரிதாம்மா. ரெண்டு பேரும் படிச்சுப் பாத்துட்டோம்."

"மாத்த மாட்டீங்களே?"

"சொன்னா சொன்னதுதாம்மா."

"அப்ப கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார். சீலும் வையுங்க."

அவர் போட்டார், வைத்தார். அவள் கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"இதுல போட்ட தேதி வரைக்கும் ஒரு நாள் தவறாம வேலைக்கு வந்துடறேன் சார்" என்று சொல்லிவிட்டு, தன் மேசைக்குப் போய் அடுத்த வருஷத்து ஜனவரியைப் பிரித்தாள்.